கல்யாண மண்டபத்துக்குப் போன விப்

"நீ சொன்ன பர்மிஷன நீயே போய் வாபஸ் வாங்கிட்டு வா. கையெழுத்து முக்கியம்" என்றார் கொறடா.

நான் அரசு கொறடா அலுவலகத்தில் உதவியாளர். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் வாக்கெடுப்பின்போது சபையில் இருக்கிறார்களா என்று பார்ப்பது கொறடாவின் பொறுப்பு. அதற்கு அவர் எழுத்தில் போடும் உத்தரவுதான் விப். மீறினால் எம்.எல்.ஏ. பதவியே போய்விடும்.

அந்த வியாழக்கிழமை நிதி ஒதுக்க மசோதா. எங்களுக்கு மிகச் சிறிய பெரும்பான்மை. அன்று காலையே சங்கரன்கோவிலில் எங்கள் எம்.எல்.ஏ. ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். ஒரு மாதம் முன்பே கொறடாவிடம் கேட்டு, "பர்மிஷன் ஆயாச்சு அண்ணாச்சி" என்று போனில் சொன்னவன் நான். புதன்கிழமை விடிந்ததும் செய்தி வந்தது. ஒரே காரில் வந்த எங்கள் உறுப்பினர்கள் மூன்று பேர் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இனி ஒருவர் குறைந்தாலும் மசோதா தோற்கும், அரசு கவிழும்.

மதுரைவரை விமானம், பிறகு கார். மத்தியானம் மண்டபத்தில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த எம்.எல்.ஏ.விடம், அனுமதி ரத்து என்ற விப் கடிதத்தை நீட்டினேன். படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீருதானவே சரின்னு சொன்னீரு? எம்மவ கழுத்துல தாலி ஏறும்போது என்னைய எங்கன இருக்கச் சொல்லுதீரு?"

மருதாணிக் கையோடு மகள் வந்து கடிதத்தைப் படித்தாள். அப்பா போகாவிட்டால் ஆட்சி போய்விடுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"சித்தப்பா தாரைவாத்துக் குடுக்கட்டும்ப்பா. நீங்க கெளம்புங்க."

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட்டார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள், கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியோடு சபையில் உட்கார்ந்திருந்தார். சபாநாயகர் ஆம் என்போர், இல்லை என்போர் என்று கேட்டார். குரல் வாக்கெடுப்பிலேயே மசோதா நிறைவேறிவிட்டது. ஆளை எண்ணி வாக்கெடுக்கும் டிவிஷனை எதிர்க்கட்சி கேட்கவில்லை. தலைகளை யாரும் எண்ணவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா அவரை இழுத்துவந்தேன்?

கொறடாவிடம் போய்க் கேட்டேவிட்டேன். அவர் ஃபைலிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "காலையிலயே அவங்க நம்ம பெஞ்சை எண்ணிட்டாங்க. அந்த மூணு போக இன்னும் ஒரு சீட் காலியா இருந்திருந்தா டிவிஷன் கேட்டிருப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். அதுதான் என்னை இன்னும் உலுக்கியது.

லாபியில் எம்.எல்.ஏ. மாலையும் கழுத்துமாக நின்ற மகளைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கொறடா சொன்னதைச் சொன்னேன். "சரிவே" என்றார். அதற்குப் பிறகு நான் கொண்டுபோகும் எந்தக் கடிதத்தையும் அவர் கையில் வாங்கியதில்லை. மேஜையில் வைக்கச் சொல்வார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கப் போனால், கடிதத்தை எடுக்கும் முன் மன்னிப்புக் கேளுங்கள். அன்று மண்டபத்தில் நான் கேட்கவில்லை.