கல்யாணத்தன்று ஒரு ஃபைனல்

போன ஞாயிற்றுக்கிழமை கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளை, என் நண்பன் ஹரிஹரன். தாலி கட்டி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் - ''சாமீ, இன்னைக்கு மேட்ச் ஒண்ணும் இல்லியே?''

எங்கள் வயதுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ஹரியின் மகள் மட்டும் விழித்தாள். ''என்ன மேட்ச் அங்கிள்?''

அடடா... வீட்டில் சொல்லவே இல்லையா? உட்கார வைத்துச் சொன்னேன்.

எங்கள் ஃபுட்பால் கிளப்பின் பெயர் பஜார் லெவன். மிளகு, சுக்குக் கிடங்குகளில் வேலை பார்த்தவர்கள் ஆரம்பித்தது. பிறகு வியாபாரிகள் கைகொடுக்க, மேட்சுக்கு இவ்வளவு என்று பேசித் திருச்சூரிலிருந்து ஃபார்வர்டுகளை அழைத்து வரும் அளவுக்கு வளர்ந்தோம். உள்ளூர்க்காரர்களுக்கு? சாயாவும் பொறோட்டாவும்! நான் ரைட் பேக். ஹரி கோல்கீப்பர்.

ஒரு வருஷம் முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்துவிட்டோம். மழையால் தள்ளிப்போய், கடைசியில் கிடைத்த தேதி - ஹரியின் கல்யாண நாள். இன்னொரு கோல்கீப்பரை வைத்துச் சமாளிக்கலாம் என்றிருந்தோம். முந்தின நாள் பிராக்டிஸில் அந்தக் கோல்கீப்பரின் விரல் முறிந்தது.

கிளப் செக்ரட்டரி ஹமீது அண்ணன், எங்கள் வாயில் ஹமீதுக்கா, மண்டபத்துக்கே வந்துவிட்டார். பெண்ணின் அப்பா முன்னால் கைகூப்பினார். ''சாமீ, ரெண்டு மணிக்கூர் மதி, ரெண்டே மணி நேரம் போதும். ஆளைப் பத்திரமா கொண்டாந்து விட்டுடறேன்.''

''தாலி கட்டின அன்னைக்கே மாப்பிள்ளைக்குப் பந்தாட்டமா? நடக்காது!''

ஹரி தலைகுனிந்து நின்றான். அப்போது மணப்பெண் மீனாட்சி எழுந்தாள். ''அப்பா, இவர் இங்கே உக்காந்துண்டு அங்கேயே நினைச்சுண்டிருப்பார். நானும் கூடப் போறேன். சேர்ந்தே வந்துடறோம்.''

போனாள்! கூறைப்புடவை, தலை நிறைய மல்லிகை... கேலரியின் முன்வரிசையில். ஊரே பந்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. ஹரியும்தான். விளைவு? முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம்.

மீனாட்சி எழுந்து கத்தினாள். ''இங்கே என்ன பார்வை? பந்தைப் பாருங்கோ!''

மைதானமே சிரித்தது. அதன் பிறகு ஹரி ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. திருச்சூர்க்காரன் ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்தான். டைபிரேக்கர். கடைசி உதையை ஹரி இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். சந்தனம் கலையாத நெற்றியில் அப்படியே சேறு!

திரும்பிப் பார்த்தால், வேலியோரம் பெண்ணின் அப்பா. மாப்பிள்ளையை இழுத்துப்போக வந்தவர், வேட்டியை மடித்துக்கட்டி ஹமீதுக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அது ஒன்றுதான் எங்கள் கோப்பை. பிறகு கிடங்குகள் புராதனப் பொருள் கடைகளாயின. ஆட்டக்காரர்கள் கல்ஃபுக்குப் போனார்கள். கிளப்பின் கடைசி மேட்ச் எது? எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஆரம்பிக்கும்போது விளக்கேற்றி விழா எடுக்கிறோம்... முடியும்போது, முடிகிறது என்றே தெரிவதில்லை.

கதையைக் கேட்ட மகள் நேராக அம்மாவிடம் போனாள். ''இவ்ளோ பெரிய கதையை ஏம்மா சொல்லலே?''

மீனாட்சி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ''அன்னைக்குத் தோத்திருந்தா, வந்த பொண்ணோட ராசின்னு ஊரே சொல்லிருக்கும்டீ. அந்த நடுக்கத்துலதான் கத்தினேன்.''

இத்தனை வருஷமாக, அன்று அதிகம் பயந்தது எங்கள் டீம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!