நான் முடுக்கிய நான்கு திருகுகள்

எண்பதுகளின் தொடக்கம். குமாரபாளையத்தில் தறிப்பட்டறை மேஸ்திரியாக இருந்த என் வீட்டுக்காரருக்குப் பல்சக்கரத்தில் கை சிக்கியது. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிஞ்சின. அதன் பிறகு எந்தப் பட்டறையிலும் அவரைச் சேர்க்கவில்லை. நான் தறி ஓட்டப் போய்வந்தேன். காலையில் எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வருடம் அப்படி.

அவருடைய கைவேலை தெரிந்த சேலத்து மில் முதலாளி ஒருவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ரேடியோவில் ஓட்டும் சின்ன விமானத்தில் அவருக்குப் பித்து. சிங்கப்பூரிலிருந்து இஞ்சினும் ரேடியோப் பெட்டியும் வாங்கி வந்திருந்தார். உடம்பும் இறக்கையும் கட்ட ஆள் வேண்டும். "நல்லாப் பறந்துச்சுன்னா நம்ம மில் ஒர்க்‌ஷாப்ல உனக்கு ஒரு எடம் இருக்குதப்பா" என்றாராம். அன்றைக்கு இவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

பால்சா என்கிற லேசான மரப் பலகையை இடது கையால் அறுத்து, ஒட்டி, இரண்டு மாதத்தில் இறக்கையை முடித்துவிட்டார். சர்வோவை மாட்டத்தான் முடியவில்லை. அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. இறக்கையின் அடியில், நடுவில் வெட்டிய குழியில் உட்கார வேண்டும். தரையில் நிற்பவர் ரேடியோப் பெட்டியின் குச்சியை அசைத்தால் சர்வோவின் கை திரும்பி, கம்பியை இழுத்து, இறக்கையின் பின்னோரத்துப் பட்டைகளை ஏற்றி இறக்கும். விமானம் சாய்வதும் நிமிர்வதும் அதனால்தான். நான்கு மூலையிலும் ரப்பர் வைத்துத் திருகு போட வேண்டும். அரிசி மாதிரித் திருகு. அவர் விரலில் நிற்கவில்லை.

"இந்தா புள்ள, நீ போடு. ரப்பர் அமுங்கக் கூடாது. திருகு தொட்டதும் நிறுத்திப்போடு."

"ஆடுதுங்களே."

"ஆடோணும். இஞ்சின் அதிர்றது சர்வோவுக்குப் போயிரப்படாது. இது தறியில்ல."

போட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரிக்கு மேல இருக்கறயே!" என்று சிரித்தார்.

பறக்கவிடும் நாள் காலை. அவர் புழக்கடையில் சவரம் செய்துகொண்டிருந்தார். பஸ்ஸில் கொண்டுபோக, இறக்கையை என் பழைய சேலையில் சுற்றினேன். விரல் பட்டதும் சர்வோ நூலளவு ஆடியது. தறியை ஓட்டும் முன் நட்டு நட்டாகத் தொட்டுப் பார்த்துப் பழகிய கை. அவர் விரல்கள் போனதுகூட ஒரு நட்டு கழன்றதால்தான். அவர் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் திருப்புளியை எடுத்து ஒவ்வொன்றையும் அரைச்சுற்று முடுக்கினேன். ரப்பர் பிதுங்கியது. சர்வோ அசையவில்லை. அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சேலத்துக்கு வெளியே, காய்ந்த ஏரியில் பறக்கவிட்டார்கள். இரண்டு சுற்று நன்றாகத்தான் வந்தது. அத்தனை பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் சுற்றில் இடது பக்கம் சாய்ந்த விமானம் நிமிரவேயில்லை. "கேக்க மாட்டேங்குது!" என்று ரேடியோப் பெட்டியோடு நின்ற முதலாளி கத்தினார். சோளக்காட்டுக்குள் போய் விழுந்தது.

முதலாளி உடைந்த இறக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரப்பரை நசுக்கி வெச்சிருக்குது பாரு. அதிர்வுல உள்ள ஒயரே உட்டுப்போச்சு. அத்தன தடவ சொன்னனே, யாரப்பா முடுக்குனது?"

என் வாய் திறக்கவில்லை. வேற்று ஆண்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லை என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"நாந்தானுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு வெரல்லயே இந்த முடுக்கா!" என்றான் முதலாளியின் டிரைவர். "அஞ்சும் இருந்திருந்தா ஏரோப்ளேனையே புழிஞ்சிருப்பீங்க மேஸ்திரி!"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி, போங்க. சொல்லியனுப்பறேன்."

யாரும் வரவில்லை.

பஸ்ஸில், "ஏனுங்க..." என்று ஆரம்பித்தேன். "உடு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மறுநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனேன். விலகிக்கொண்டார். சுண்டு விரலால் தள்ளி, கட்டை விரலால் இழுத்து, ஒரு பொத்தானுக்கு அவ்வளவு நேரம். இருந்த காலம் முழுக்க அப்படித்தான் போட்டுக்கொண்டார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.