தனுஜாவைக் கொசு கடிக்கக் கூடாது

மகேந்திரனுக்கு வீடு மலேசியாவின் பாரோயில், வேலை அருகே செனாவாங்கில். தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும் பெட்டிகளை ஒரு கீறல் விழாமல் இறக்கி வைப்பான். பிறந்தது சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது அடுக்குமாடி வீடுகளும் பெட்ரோல் நிலையமுமாக மாறிவிட்டது. அதைப் பற்றி மற்றவர்கள் பெருமூச்சு விட்டால் அவனுக்கு எரிச்சல் வரும். “கொசுக்கடியும் அட்டைக்கடியும் தவிர அங்க என்னா இருந்துச்சு லா?” என்பான்.

அவனுக்கு ஒரே மகள், தனுஜா. பதின்மூன்று வயதில் அவளுக்கு டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் அவளுடைய ரத்தத்தட்டுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனதையும், உதடு வெடித்து அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததையும் மகேந்திரன் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது இளம் டாக்டரம்மா ஒருத்தர் மலாயில் பொறுமையாக விளக்கினார். டிங்கியில் பல வகை உண்டு; ஒன்று வந்து போனதால் மற்றவை வராது என்றில்லை; இரண்டாவது முறை வேறு வகை தாக்கினால் முதல் தடவையைவிட மோசமாகவும் போகலாம். ஆகவே கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பெற்றோரிடமும் அவர் சொல்கிற வார்த்தைதான் அது. மகேந்திரன் அதைத் தனக்கென்றே இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டான்.

வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தான். மனைவி குமுதவல்லி ஆசையாய் வைத்திருந்த பூத்தொட்டிகள் ஒரே நாளில் குப்பைக்குப் போயின. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை வேலைக்குப் போகுமுன் இழுத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போவான். வெயில் தாழ்ந்தால் கதவு அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு வெளியே இருந்து யார் வந்தாலும், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கதவிடுக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். முதலில் சிரித்த தனுஜா பிறகு சிரிப்பதை விட்டாள். பிறகு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

அவளுடைய பள்ளித் தோழி மஹ்ஜபீன். மஹ்ஜபீனின் அத்தா ஹாஜா மைதீன் பக்கத்தில்தான் உணவகம் வைத்திருக்கிறார். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி, மெத்தையும் கேஸ் அடுப்பும் வைத்துச் சின்ன வீடு மாதிரி செய்திருந்தார். பள்ளி விடுமுறை வந்ததும் குவாலா பிலா போகும் பக்கம், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் கடைக்கோடியில் ஆற்றோரமாக இருக்கும் முகாம் இடத்துக்குக் குடும்பத்தோடு போகத் திட்டம் போட்டார்.

“தனுவையும் அனுப்பு மகேன்” என்றார். “ரெண்டு பிள்ளைங்களும் வேன்ல படுத்துக்கும்.”

“ஆத்தோரம்னா கொசு இருக்கும் பாய்.”

“காட்டுல கொசு இல்லாம, கப்பல்லயா இருக்கும்?”

மகேந்திரன் முடியாது என்றுதான் சொன்னான். தனுஜா அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குமுதவல்லிதான் வாயைத் திறந்தாள்.

“ஏங்க, புள்ளையப் போத்தல்ல போட்டு மூடி வைக்க முடியுமா? இப்பவே நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாள் போனா நம்மள மறந்தே போயிரும்.”

அது அவனுக்குச் சுட்டது. தானும் குமுதவல்லியும் கூட வருவதாக இருந்தால் சரி என்றான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க அவனுக்குக் கொசுவைத் தடுக்கும் பொருள்களைச் சேர்ப்பதே வேலை. கொசுவத்திச் சுருள், உடம்பில் பூசும் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், தலைக்கு மேல் கட்டும் வலை. கறுப்பு உடையைக் கொசு தேடி வரும் என்று யாரோ சொன்னதால் மகளுக்கு வெள்ளையில் முழுக்கைச் சட்டைகள் வாங்கினான். பூங்கொத்து வாசனை வரும் சோப்பைக்கூடப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

முகாமில் இறங்கியதும் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று வரும் மேட்டுப் பக்கமாகத் தேடிக் கூடாரத்தை அடித்தான். பிறகு குனிந்த தலை நிமிராமல் சுற்றிவரத் தொடங்கினான். முன்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன மீ நூடுல்ஸ் கிண்ணங்கள், இளநீர் மட்டைகள், ஒரு பழைய டயர் என்று மழைத்தண்ணீர் தேங்கிய எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினான். டயருக்குள் புழுக்கள் நெளிந்தன. மண்ணில் ஊற்றிக் காலால் தேய்த்தான்.

“மகேன், நீ கேம்ப் போட வந்தியா, நகராண்மைக் கழக வேலைக்கு வந்தியா?” என்று ஹாஜா மைதீன் சிரித்தார். அவர் மனைவி கமர்ஜஹான், “விடுங்க, பெத்தவருக்குத்தானே தெரியும்” என்று அடக்கினாள். மகேந்திரனும் சிரித்து வைத்தான். ஆனால் கையை நிறுத்தவில்லை. செம்பனை மரங்களைப் பார்த்தபோது அவனுக்கு மனசு தளர்ந்தது. ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் தண்ணீர் நிற்கும். வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரங்கள். எத்தனையை அவன் கவிழ்க்க முடியும்?

பிள்ளைகள் இரண்டு பேரும் ஆற்றில் இறங்கினார்கள். தைலம் தண்ணீரில் போய்விடும் என்பதால் மகேந்திரன் குப்பியோடு கரையில் நின்றான். தனுஜா மேலே வரும்போதெல்லாம் கூப்பிட்டுப் பூசினான். மூன்றாவது தடவை அவள் வரவில்லை. தூரத்தில் இருந்த மலாய்க்காரக் குடும்பம் ஒன்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் குப்பியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

வெயில் இறங்கியதும் காற்று நின்றுபோனது. அப்போதுதான் அவை வந்தன. கொசு அல்ல. அகாஸ் என்று மலாயில் சொல்லும் பொடிப்பூச்சி. மிளகுத்தூளை ஊதிவிட்டது மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியுமுன் தோலில் நெருப்பு வைத்துவிடும். கொசுவலையின் கண் அதற்கு அகலத் திறந்த வாசல். சுருள் புகைந்தது, அவை புகைக்குள்ளேயே பறந்தன. ஹாஜா மைதீன் தேங்காய் மட்டையைக் கொளுத்தி மேலே பச்சை இலையைப் போட்டார். எல்லோரும் இருமினார்கள், பூச்சி போகவில்லை. குமுதவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கமர்ஜஹான் சோற்றுப் பானையை அப்படியே வேனுக்குள் தூக்கிக்கொண்டு போனாள்.

மகேந்திரன் மகளின் முன்னால் நின்று ஒரு துண்டைச் சுழற்றி விசிறிக்கொண்டே இருந்தான். தோள் வலித்தது. ஒரு பக்கம் விசிறினால் மறுபக்கம் வந்து உட்கார்ந்தன. காது மடலிலும் கழுத்திலும் விரல் இடுக்கிலும் சிவப்புப் புள்ளிகள் எழும்பின. அவன் வாங்கி வந்தவற்றில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஒரு வாரம் தேடித் தேடிச் சேர்த்த எல்லாம் அவன் காலடியில் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் தனுஜாவின் கன்னத்தில் அதைப் பார்த்தான். கால்களில் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசு. வயிறு உப்பி உட்கார்ந்திருந்தது. யோசிக்கவில்லை. கையை ஓங்கி அறைந்துவிட்டான்.

பளீர் என்று சத்தம் கேட்டது. தனுஜா ஒரு அடி பின்னால் போய் வேனைப் பிடித்துக்கொண்டாள். மகேந்திரன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கொசு நசுங்கியிருந்தது. அதைச் சுற்றி ரத்தம்.

“கொசு... கொசும்மா, இந்தா பாரு” என்று கையை நீட்டினான்.

அவள் கையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“நான் சாவறதுக்கு முன்னாடியே என்னையப் பொதைச்சிட்டீங்கப்பா” என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேனுக்குள் ஏறிக்கொண்டாள்.

அந்த ரத்தம் அவளுடையதா, வேறு யாருடையதா என்று அவனுக்குத் தெரியாது. கையை ஆற்றில் கழுவினான். மறுநாள் பொழுது விடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் காரில் யாரும் பேசவில்லை. சொறியும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். காலையில் வேலைக்குப் போகுமுன் படுத்திருக்கும் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். அவள் விழித்துத்தான் இருப்பாள். கண்ணைத் திறக்க மாட்டாள். “தலை வலிக்குதாமா?” என்பான். “இல்ல” என்பாள். அவளிடமிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே வார்த்தை அதுதான். அந்த ‘இல்ல’வுக்காகவே கேட்டான்.

காய்ச்சல் வந்தது. ஆனால் அவனுக்கு.

கிடங்கில் பெட்டி அடுக்கு ஒன்றை இறக்கும்போது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பது மாதிரி வலித்தது. ஃபோர்க்லிஃப்டின் முட்கரம் பெட்டியில் இடித்துக் கிழித்தது. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. மேற்பார்வையாளர் அவன் கையைத் தொட்டுவிட்டு உடனே காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி என்றார்கள்.

முகாமில் மகளுக்குப் பூசப் பூச அவன் தனக்கு ஒரு சொட்டும் பூசிக்கொள்ளவில்லை என்பது குமுதவல்லிக்குத்தான் முதலில் நினைவு வந்தது. ஆனால் அங்கேதான் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விசாரிக்க வந்த சுகாதார அதிகாரி, சமீபத்தில் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டார். வேலையிடம், பசார், ஆற்றோரம், வீடு. எந்தக் கொசு, எந்த இடம், எந்த நேரம்? அவனுடைய வீட்டையும் தெருவையும் சேர்த்துப் புகையடித்தார்கள்.

முதலில் அவனுக்கு வந்தது ஒருவிதமான நிம்மதி. நல்லவேளை, எனக்கு வந்தது. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. டிங்கி நோயாளியைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடித்தால் அவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். இப்போது ஆபத்து அவனேதான்.

மதியம் பார்வை நேரத்தில் குமுதவல்லியோடு தனுஜா வந்து நின்றதும் அவனுக்கு உயிரே போனது போல் இருந்தது. கட்டிலைச் சுற்றி வலை தொங்கியது. எழுந்து உட்காரப் பார்த்தான். முதுகெலும்பு இடம் கொடுக்கவில்லை.

“ஏன் கூட்டியாந்த? போகச் சொல்லு” என்றான் மனைவியிடம்.

“நான் சொல்லிப் பாத்துட்டேன்” என்றாள் குமுதவல்லி.

“தனு, வீட்டுக்குப் போம்மா. இங்க வராத.”

“பரவால்லப்பா.”

“என்னையக் கடிச்ச கொசு உன்னையக் கடிச்சா என்னாவுறது? போம்மா... கெஞ்சிக் கேக்குறேன்.”

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. வலைக்கு வெளியே தனுஜா பையைத் திறந்து தைலக் குப்பியை எடுத்தாள். அவன் பார்க்கும்படி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை பூசினாள். கழுத்தில், காதுக்குப் பின்னால், பாதத்தில். பூசி முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“போதுமா?”

போதாது என்று அவனுக்குத் தெரியும். எதுவுமே போதாது. ஆனாலும் அவள் போகவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். அவன் உடம்பு நடுங்கியபோது நர்ஸைக் கூப்பிட ஓடியவள் அவள்தான். சில நேரம் படிப்பாள், சில நேரம் கைப்பேசியைப் பார்ப்பாள். ஒரு தடவை மட்டும், தலையைத் தூக்காமலே, “அன்னிக்கு ரொம்ப வலிச்சிச்சுப்பா” என்றாள். “தெரியும்மா” என்றான்.

காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பு தேறுவதற்கு வெகு நாள் பிடித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்டைத் தராமல், உட்கார்ந்தபடி சீட்டு ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அப்படி இருந்த ஒரு மாலை தனுஜா வந்து நின்றாள்.

“ஸ்கூல் நெட்போல் டீம்ல சேந்துட்டேன். நாளையிலேருந்து பயிற்சி. முடிய ஏழு மணியாவும்.”

அவள் அனுமதி கேட்கவில்லை. மகேந்திரன் வாயைத் திறந்தான். ஏழு மணி என்றால் கொசு இறங்கும் நேரம், திடலோரத்தில் சாக்கடை, குட்டைப் பாவாடை. எல்லாம் தொண்டை வரை வந்தன. குமுதவல்லியைப் பார்த்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“சரிம்மா” என்றான். அந்தக் குரல் அவனுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்தவன் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வெளிச்சம் மங்கியது. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஒலித்து அடங்கியது. ஏழு மணி தாண்டி வாசலில் ஹாஜா மைதீனின் வேன் வந்து நின்றது. தனுஜா புழுதிக் காலோடு இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு. மஹ்ஜபீனுக்குக் கையாட்டிவிட்டு உள்ளே வந்தவள் குனிந்து முழங்காலின் பின்பக்கத்தைச் சொறிந்தாள்.

மகேந்திரன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“குளிச்சிட்டு வா” என்றான். “சோறு ஆறுது.”