ஆனி முப்பத்திரண்டு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மறதி வேறு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிதம்பரத்தில் அண்ணன் மகள் சுகன்யா வீட்டில் இருக்கிறேன். நாள்வாரியாக எழுதிய கணக்குகளைப் படிக்கிற சாஃப்ட்வேர் செய்வது அவள் வேலை. என் பழைய மழை நோட்டுகளை அதற்குக் கொடுத்துப் பார்த்தாள். சில நாட்களை மட்டும் அது சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

“அத்தை, முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்களே, அப்புடி ஒரு தேதி உண்டா?”

“ஆனிக்கு வரும்மா. காலண்டரப் பாரு.”

“அய்யோ, முப்பத்தொண்ணோட மாசம் முடிஞ்சிடும்னுல்ல எழுதி வச்சிருக்கேன்!”

சிரித்தேன். ஆனால் விழுங்கியதில் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும் என்று உள்ளே வேண்டிக்கொண்டேன். நோட்டின் கரப்பான் வாடை என்னைப் பிச்சாவரம் பக்கத்தில் நான் வாக்கப்பட்ட ஊரான கிள்ளைக்கு இழுத்துப்போயிருந்தது.

அங்கே எங்கள் கொல்லையில் விவசாயச் சங்கத்தின் மழைமானி இருந்தது. வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கியதும் அளக்கிற வேலை எனக்கு வந்தது. தினமும் காலை எட்டரைக்கு அளந்து, தமிழ்த் தேதி போட்டு எழுத வேண்டும். ஒரு நாள் விடுபட்டாலும் அவருக்குப் பொறுக்காது. கடலூரில் அம்மா வீட்டுக்குப் போனாலும் அன்றைக்கே திரும்ப வேண்டும். “மழைக்கு வாக்கப்பட்டவ” என்று அண்ணி கேலி செய்வாள். ஒரு சொட்டு விழாத சித்திரையிலும், மழைமானிக்குள் இருக்கும் காலிப் பாட்டிலைப் பார்த்துச் சுழி போட நான் அங்கே நிற்க வேண்டும்.

ஓர் ஆனியில் அம்மா படுத்துவிட்டாள். “இன்னிக்கி ஒரு நாளு தங்கிட்டுப் போடி” என்று கையைப் பிடித்தாள். தங்கிவிட்டேன். மறுநாள், முப்பத்திரண்டாம் தேதி, மத்தியானம்தான் வந்தேன். பாட்டிலில் தண்ணீர். எட்டரைக்கு முன்னால் பெய்தது எவ்வளவு, பின்னால் எவ்வளவு, யார் கண்டது? பயத்தில் கீழே கொட்டிவிட்டு நாலு மில்லிமீட்டர் என்று எழுதினேன்.

“எவ்ளோ?” என்றார்.

“நாலுங்க.”

“ஓட்டு மேல ஜாஸ்தியா கேட்டுச்சே.”

அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா வீட்டில் நான் தங்கியது அந்த ஒரு நாள்தான். ஆடி முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

நேற்று சுகன்யா தப்பைச் சரிசெய்துவிட்டாள். “ஒரு நாளு கூட விடல அத்தை, எல்லாம் வந்துடுச்சி! மழையப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அனுப்பப் போறேன்.” என் நாலும் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அவரும் இப்போது இல்லை, மழைமானியும் இல்லை. மெஷினே அளந்துகொள்கிறதாம், யாரும் காத்துக் கிடக்க வேண்டாம். வருஷம் நோட்டு அட்டையில் இருக்கிறது. பிச்சாவரம் பக்கம் அன்றைக்கு யாராவது அளந்திருந்தால் பார்த்துச் சுகன்யாவிடம் சொல்லுங்கள். அந்த நாலை அடித்துவிடட்டும். நாள் மட்டும் இருக்கட்டும்.