வெட்டுத்துண்டுக் கணக்கு

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, ஒன்பது வயதில் என் மகள் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள், பாவாடை இடுப்பில் நிற்காமல் இளைத்தாள், ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். சர்க்கரை என்றார்கள். வேளைக்கு வேளை இன்சுலின் ஊசி. ஆயுசுக்கும் இதுதானா, இல்லை கொஞ்ச நாளில் நின்றுவிடுமா? அந்த ஒரு பயம்தான் எனக்கு.

அதைத் தெரிந்துகொள்ள டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். கணையத்து செல் இன்சுலினை முதலில் நீள இழையாகச் செய்யுமாம். குட்டிப் பை ஒன்றில் அடைத்து, பைக்குள்ளேயே நடுவில் ஒரு துண்டை வெட்டுமாம். சாப்பிட்டதும் பை செல்லின் ஓரத்துக்கு வந்து வாய் திறந்து, இன்சுலினையும் வெட்டுத்துண்டையும் சேர்த்தே ரத்தத்தில் கொட்டுமாம். "நாம போடுற ஊசியில அந்தத் துண்டு இல்லம்மா. அதான் அவ உடம்பு சொந்தமா எவ்வளவு செய்யுதுன்னு தெரிய, துண்டை எண்ணப் போறோம்."

நான் பத்தாவதோடு நின்றவள். சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் பேக்கிங். எங்கள் சூப்பர்வைசர் பெட்டியை எண்ண மாட்டார். பெட்டியைக் கட்டியபின் வெட்டி விழும் பிளாஸ்டிக் பட்டைத் துண்டுகளைத்தான் எண்ணுவார், பெட்டிக்கு ஒன்று. "உங்க கணக்க நீங்களே வெச்சிக்கோங்க, எனக்குக் குப்பைதான் சாட்சி" என்பார்.

"குப்பைய எண்ணுறாப்பலயா சார்?"

"அதேதாம்மா" என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வாங்கி வந்த ரிப்போர்ட்டைப் பக்கத்து வீட்டு மதாமிடம் நீட்டினேன். பிரான்சு பென்ஷன்காரர், பழைய சர்க்கரைக்காரர். எங்கள் இன்சுலின் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருந்தது.

"கம்மின்னு போட்டிருக்குடி! கம்மின்னா பியாங், ரொம்ப பியாங்! பாப்பாவுக்கு இனிமே ஊசி எதுக்கு?"

பியாங் என்றால் நல்லது. சர்க்கரைக்காரர் வீட்டில் கம்மி என்றாலே கொண்டாட்டம். நானும் அந்த வேளை இன்சுலினை வாங்காமல் வந்து, மகளுக்குச் சோறு போட்டேன். அவள் இரண்டு வாய் தின்றிருப்பாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணினது சர்க்கரையை இல்லையே, துண்டை அல்லவா! துண்டு கம்மி என்றால் கட்டின பெட்டியும் கம்மி. உள்ளே வேலையே நடக்கவில்லை.

தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"மதாம், மருந்தைக் குடுங்க!"

"என்னடி, கம்மியாத்தான வந்திருக்கு?"

"கம்மியா வந்ததுதான் மதாம் பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்து மருந்தை ஊசியில் ஏற்றினேன். மகள் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

"நாளைக்குமாம்மா?"

"ஆமாண்டி கண்ணு."

"நாளன்னிக்கும்?"

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "நாளன்னிக்கும்" என்றேன்.