ஐந்து வியாழக்கிழமைகளின் காற்று

இல்லாத கடலின்மேல் இல்லாத ஏவுகணையைப் பறக்கவிட்டு, அது ஏன் குறி தவறியது என்று இருக்கின்ற மனிதர்களுக்கு விளக்கம் எழுதுவது என் தொழில். வீட்டின் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் பாராத சகபணியாளர்களுக்காக உழைக்கும் அன்பர்கள் இதைப் படிப்பார்களாயின், நான் சொல்ல வருவது அவர்களுக்குப் பாதியிலேயே விளங்கிவிடும்.

என் வரலாறு சிறியது. இளங்கலையில் இயற்பியல் படித்துப் பிறகு தமிழுக்கு மாறினேன். முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பாடம் நடத்தியபடியே, ஒரே ஒப்பாரி தா.பழூரில் எப்படிப் பாடப்படுகிறது, குரும்பலூரில் எப்படிப் பாடப்படுகிறது என்று வரிக்கு வரி ஒப்பிட்டு அட்டவணைகள் தயாரித்தேன். அந்த ஒப்பீட்டுக்காகவே கணினி நிரல் எழுதப் பழகினேன். ஓய்வுபெற்றபின், சென்னையில் கடற்போர் விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கும் சிறு நிறுவனத்தின் பொறுப்பாளர் கவிதா, அதன் தமிழ்க் குறிப்புகளைத் திருத்தித் தரக் கேட்டார். திருத்தினேன். கூடவே, உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதற்கான சூத்திரத்தில் ஒரு பிழை இருப்பதையும் சுட்டி எழுதினேன். அடுத்த வாரமே ஏவுகணையும் அது பறக்கும் வளிமண்டலமும் என் தலையில் வந்து சேர்ந்தன. பிழை கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவர்களுக்கு நேர்வது இதுதான்.

ஒரு நிபந்தனை இருந்தது. பங்குனி முடிவதற்குள் என் காற்றுப் பகுதி இரண்டு கணினிகளில் பிழையின்றி ஓடியாக வேண்டும். இல்லையேல் எங்கும் எப்போதும் ஒரே அளவில் வீசும் காற்றை வைத்துக்கொண்டு, என்னை விடுவித்துவிடுவார்கள். மனைவி மறைந்து, மகனும் வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிறகு, என் தொலைபேசி ஒலிப்பது பெரும்பாலும் இந்த வேலையின் பொருட்டே. ஆகவே விடுவிப்பு என்ற சொல் எனக்கு இனிக்கவில்லை.

ஆளில்லாக் கப்பல்

பெரம்பலூரில் என் வீட்டுக்குச் சமையல் செய்ய, குரும்பலூரிலிருந்து காலைப் பேருந்தில் செல்வி வருகிறார். ஒருநாள் கையில் கரண்டியோடு அறை வாசலில் வந்து நின்றார். "என்னா சார் இது, காலங்காத்தால குண்டு போடுறீங்க?" என்றார். குண்டு அன்று, ஏவுகணை என்றேன். அலைகளுக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், ரேடாரின் கண்ணுக்குத் தப்பிப் பறப்பது என்றும் விளக்கினேன். "அல மேல இடிக்காதா?" என்று கேட்டார். அதைத்தான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரு கப்பல் பற்றி எரிந்து சாய்வதை இருவரும் சிறிது நேரம் பார்த்தோம்.

அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். இந்த விளையாட்டில் மாலுமிகளை நாங்கள் உருவாக்கவில்லை. சாளரங்களில் விளக்கை மட்டும் எரியவிட்டிருக்கிறோம். அதை அப்படியே சொன்னேன். அடுப்பங்கரைக்குத் திரும்பியவாறே அவர் சொன்னார்: "ஆளே இல்லாம லைட்டு மட்டும் எரியுதா? அப்ப உங்க வூடு மாதிரிதான்னு சொல்லுங்க."

தாமதமாக வந்தவன்

சூடான பரப்பின்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குகளில் ஒளியும் வளையும், ரேடார் அலையும் வளையும். நூலில் படித்திருந்தேனேயன்றிக் கண்ணால் கண்டதில்லை. பெரம்பலூரில் அடிவானம் கிடையாது. கண் போகும் திசையெல்லாம் ஒரு கட்டடமோ கருவேலமோ குறுக்கே வந்துவிடும். ஆகவே ஒரு மூங்கில் கழியின் அடியில் ஒன்று, நுனியில் ஒன்று என இரண்டு வெப்பமானிகளைக் கட்டிக்கொண்டு அரியலூர்ப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் கழிக்குத் தனிச்சீட்டுக் கேட்கவில்லை. ஆனால் வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் விளிம்பில், நண்பகல் வெயிலில், கழியை நட்டு மணிக்கொரு முறை குறித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரை நீரில் மிதப்பதுபோல் நடுங்கியது. காவலாளி நெடுநேரம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "யாருங்க? சர்வேயா?" என்றபடி வந்தார். கடற்காற்றைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி என்றேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, கிளிஞ்சல் ஒன்று சுருள் சுருளாகப் பதிந்த கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கடலு இங்கதான் சார் இருந்துச்சு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

விசிறிக் காற்று

எங்கள் விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பவர் மாணிக்கம். கடற்படையில் ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்து ஓய்வுபெற்றவர்; இப்போது பாடாலூரில் நெடுஞ்சாலையோரம் லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். வியாழக்கிழமைதோறும் முற்பகல் பதினொரு மணிக்கு அவர் தம் கடையிலும் நான் என் அறையிலும் கணினி முன் உட்கார்ந்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே போரிடுவோம். முக்கால் மணி நேரப் பேருந்துத் தொலைவுதான். ஆயினும் நேரில் சந்தித்ததில்லை. தமக்கென அவர் ஒரு கப்பலை வைத்திருந்தார். அதற்குப் 'பாடாலூர்' என்று பெயரிட்டு, எட்டு மாதமாக எந்தப் போரிலும் முழுகாமல் காத்து வந்தார்.

என் முதல் காற்றுப் பகுதியை அவருக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். வெப்பம், ஈரம், அடர்த்தி எல்லாம் நான்கு தசம இடம் வரை சரியாக இருந்தன. காற்றின் வேகத்தை மட்டும், வேறு சான்று இன்மையால், ஒரே அளவாக வைத்திருந்தேன். ஒரு சண்டையை ஆடி முடித்துவிட்டுச் சொன்னார். "மத்ததெல்லாம் சரி சார். ஆனா இது கடக்காத்து இல்ல, டேபிள் ஃபேன் காத்து."

ஒரு காலை, ஐந்து கூற்றுகள்

சான்று வேண்டுமென்றால் சொல்பவரிடம் போவது என் பழக்கம். அவர் கடலில் கண்ட ஒரே ஒரு காலையை, விடிந்தது முதல் காற்று எப்படி வீசியது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். அடுத்த வியாழன், சரிபார்ப்பதற்காக, அதே காலையை மீண்டும் கேட்டேன். வேறு மாதிரி சொன்னார். இவ்வாறு ஐந்து வாரம். முதல் வாரம் வாடைக்காற்று மெல்லத் தொடங்கிற்று. இரண்டாவதில் பின்னாலிருந்து தள்ளியது. மூன்றாவதில் காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. நான்காவதில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. ஐந்தாவதில் மூன்று முறை திசை மாறியது.

வேறொருவர் நான்கைத் தள்ளி ஒன்றை வைத்துக்கொண்டிருப்பார். ஒப்பாரிகளை ஒப்பிட்ட என் வாழ்நாளில் நான் எந்தப் பாடவேறுபாட்டையும் தள்ளியவன் அல்லன். ஐந்தையும் ஐந்து கோப்புகளாக்கி, ஆட்டம் தொடங்கும்போது கணினி அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு எழுதினேன். எது உண்மையில் நடந்தது என்று ஒரு முறை மட்டும் தயக்கத்தோடு கேட்டேன். "நான் என்னா சாட்சிக் கூண்டுலயா சார் நிக்கிறேன்? அன்னன்னிக்கி ஞாபகம் வந்தத அன்னன்னிக்கி சொன்னேன்."

முழுகியதும் முழுகாததும்

பங்குனி நடுவில் முழுச் சோதனை. கவிதாவும் இணைப்பில் இருந்தார். எட்டக்கூடிய கடைசித் தொலைவிலிருந்து மாணிக்கத்தின் கப்பலை நோக்கி ஏவுகணையை விடுத்தேன். அது அலைகளை ஒட்டிப் பறந்து, கப்பலின் நடுவில் பாய்ந்தது. எட்டு மாதக் கப்பல் ஆயிற்றே என்று எனக்கே மனம் கலங்கியது.

"வருத்தப்படாதீங்க மாணிக்கம். நல்ல கப்பல்தான்," என்றேன்.

"நான் எதுக்கு சார் வருத்தப்படணும்? உங்க ராக்கெட்டுதான் பாதி வழியில தண்ணி குடிச்சிருச்சு."

"உங்க கப்பல் சாயுதுங்க."

"சாயுதா? இந்தா நேரா போயிட்டிருக்கு. கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

"புகை வருதே."

"அடுப்புல ஏதும் வச்சிருக்கீங்களா?"

அடுப்பை உண்மையாகவே எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகே பிழை புலப்பட்டது. கணினி ஒவ்வொன்றும் தன் காற்றைத் தானே எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தேன். என்னுடையது இரண்டாம் வியாழனை எடுத்தது. காற்று பின்னாலிருந்து தள்ள, ஏவுகணை போய்ச் சேர்ந்தது. அவருடையது நான்காம் வியாழனை எடுத்தது. எதிர்க்காற்றில் எரிபொருள் தீர்ந்து, அது கடலில் விழுந்தது. இருவரும் ஒரே போரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, தனித்தனிக் கடல்களில் இருந்திருக்கிறோம். கவிதா மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சார், ஒப்பாரி ஊருக்கு ஒரு மாதிரி இருக்கலாம். செத்தது யாருங்கறதாவது ஒண்ணா இருக்கணும்ல?"

டயர் மேல் பலகை

திருத்தம் பதினொரு வரிகளே. ஆட்டம் தொடங்கும்போது குலுக்கிப்போட்டு ஒரு காற்றை எடுத்து, அதனையே இரு கணினிகளுக்கும் கொடுக்க வேண்டும். ஐந்தும் கோப்பில் இருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றே வீசும். அந்தப் பதினொரு வரிகளை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஆனால் அடுத்த வியாழன் பதினொரு மணிக்கு மாணிக்கம் வரவில்லை. தொலைபேசி ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. வெள்ளியும் அவ்வாறே. பங்குனியில் மிச்சம் மூன்று நாள். சனிக்கிழமை மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு பாடாலூருக்குப் பேருந்து ஏறினேன்.

கடையில் இருந்த இருவரில் எவர் அவர் என்று தெரியவில்லை. ஒருவர் இன்னொருவரை "அந்த இரும்ப எட்றா" என்று அதட்டியதும் குரலைக் கொண்டு அறிந்தேன். அவரும் என்னைக் குரலால்தான் அறிந்தார். "கொரலுக்கு இன்னும் கொஞ்சம் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, முகம் பாராமல் பேசினார்.

"ரெண்டு மிஷின்லயும் ஒண்ணுதான் நடக்கணும்னா, முழுகுனதத்தான சார் வச்சிருப்பீங்க? எளுதுறது நீங்க. எட்டு மாசமாக் காபந்து பண்ண கப்பலு."

"எந்தக் காத்து வரும்னு எனக்கே தெரியாதுங்க. அஞ்சும் நீங்க சொன்னதுதான்."

"சீட்டுக் குலுக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு லாரி டயர்களின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் அவர் கணினியையும் என் கணினியையும் அருகருகே வைத்தோம். தொலைபேசியில் கவிதா. அதே தொலைவு, அதே கப்பல். குலுக்கலில் மூன்றாம் வியாழன் வந்தது. காற்றே இல்லாத காலை. இரு திரைகளிலும் ஏவுகணை ஒரே கோட்டில் போய், ஒரே நொடியில், ஒரே இடத்தில் பாய்ந்தது. 'பாடாலூர்' இரண்டு முறை முழுகியது.

"ரெண்டுலயும் ஒண்ணு சார்! உங்க காத்து இனிமே நிரந்தரம்," என்று கவிதா மகிழ்ந்தார். பிறகு, நல்ல செய்தி சொல்லும் அதே குரலில், "சோதனையெல்லாம் முடிஞ்சிருச்சு. வாராவாரம் நீங்க ரெண்டு பேரும் உக்கார வேண்டியதில்ல," என்றார். எல்லாவற்றையும் நான்கு தசம இடம் வரை கணித்திருந்த நான், இதைக் கணித்திருக்கவில்லை. வேலை தங்கிவிட்டது, வியாழக்கிழமை போய்விட்டது.

மாணிக்கம் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சாலையில் நான்கைந்து லாரிகள் கடந்தன. "அன்னிக்கி காத்தே இல்லன்னு சொன்னது நாந்தான சார்," என்றார். "என் வாயே என் கப்பல முழுக்கிருச்சு." நான் கணினியைப் பையில் வைத்தேன். பேருந்துக்குக் கை காட்டி நிறுத்தியவர் அவரே. நான் படியில் கால் வைத்தபோது அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: "கம்பெனிக்கு முடிஞ்சா முடியட்டும் சார். புதுக் கப்பலு எடுக்கறேன். முழுக்கிட்டுப் போனவர அப்பிடியே வுட்ருவனா? வியாழக்கெழம, பதினொரு மணி."

கடலில்லாத ஊரில் உட்கார்ந்து இத்தனை காலம் காற்றை ஆராய்ந்து நான் அடைந்த பயன், வாரம் ஒரு முறை என்னை மூழ்கடிக்கக் காத்திருக்கும் ஒரே ஒரு மனிதர்.