பாதை கேட்டு றோட்டு வந்த கதை

என் வீட்டுக்காரர் ஒரு தவணை பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு எங்கள் குசினிதான் கண்ணுக்குள் வரும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். அவர் சாரத்தோடு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து "கௌரவ சபாநாயகர் அவர்களே" என்று தொடங்குவார். பெட்டிதான் சபாநாயகர். அடுப்படி அமைச்சர்களின் பக்கம். அங்கே நிற்பது நான் என்பதால் அநேகமாக நான்தான் அமைச்சர்.

வாய்மூலக் கேள்விக்கு என்று பாராளுமன்றத்தில் ஒரு அச்சு இருக்கிறது. இன்னது பழுதாகிக் கிடக்கிறது என்பதை அமைச்சர் அறிவாரா? எப்போது திருத்தப்படும் என்பதை இச்சபைக்கு அறிவிப்பாரா? இன்றேல், ஏன்? ஆஸ்பத்திரிக்கு டொக்டர் இல்லை, யானை வேலி இல்லை, பின்னேர பஸ் இல்லை, எதைக் கேட்டாலும் கடைசியில் அந்த "இன்றேல், ஏன்?" வந்து குந்தும். எனக்குக் கேட்கக் கேட்கச் சிரிப்பு. "மீன் வாங்கிட்டு வந்தீங்களா? இன்றேல், ஏன்?" என்பேன். மனிசன் கோபப்பட மாட்டார். "கௌரவ உறுப்பினருக்கு மறதி" என்று பதில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். எம்.பி. சைக்கிளில் மீன் வாங்க வருவதைப் பார்த்துச் சந்தையில் சிரிப்பார்கள். அப்போது எனக்கு அது எரிச்சல். இப்போது யாராவது அப்படிச் சிரிக்க மாட்டார்களா என்று இருக்கிறது.

நான் கணித டீச்சர். எங்கள் வீடு எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம். பள்ளிக்கூடம் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமான பக்கம். நடுவில் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கடக்கப் பாதை.

வெளியூர் ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தரையில் போவதில்லை. தரையில் போக எங்களுக்கு றோட்டு இருக்கிறது, தெரு இருக்கிறது, ஒழுங்கை இருக்கிறது. பாதை என்பது வாவியில் மிதப்பது. இரண்டு பெரிய இரும்பு மிதவைகளுக்கு மேலே தளம் அடித்து, பக்கத்தில் இயந்திரம் பூட்டியிருப்பார்கள். மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் கரையிலுள்ள துறையடியில் நின்று அதில் ஏறும். "பாதை அக்கரையில நிக்கிது", "பாதை வெளிக்கிட்டிட்டு, ஓடு ஓடு", இப்படித்தான் பிறந்த நாளிலிருந்து பேசுகிறோம். வேறு இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கருத்து இருக்கும் என்று யார் யோசித்தது?

அந்தப் பாதையில் நாங்கள் ஐந்து டீச்சர்மார் காலையில் போவோம். விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ், வரலாறு, நான் கணிதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் தரத்துக்கு எல்லாப் பாடத்துக்கும் ஆள் இருந்தது அந்த வருடம்தான் முதல் தடவை. அதற்கு முன்பெல்லாம் விஞ்ஞானத்துக்கு ஆள் வந்தால் ஆங்கிலம் போய்விடும். அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவர்கள். தாய்மார் எங்களைக் கண்டால் வயலுக்குள் நின்றே கை காட்டுவார்கள். ஐந்து பேரும் இருக்கிறோமா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கை காட்டல் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆஹா, அந்தக் காலை நேரங்கள்! ஐந்து பேரும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்போம். சாப்பாட்டுப் பெட்டிகளைப் பாதையிலேயே திறந்து மணந்து பார்ப்போம். யாருடைய பெட்டியில் இறால் இருக்கிறதோ அவவுக்கு அன்று மரியாதை. வரலாற்று டீச்சர் மாமியாரைப் போலப் பேசிக் காட்டுவா. பாதை ஓட்டுகிறவர் கேட்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார். ஒருநாள் ஒரு மாடு ஆங்கில டீச்சரின் குடையைத் தின்னப் பார்த்தது. அவ மாட்டோடு ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்தா. அக்கரை வருமட்டும் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு ஒருநாள் மிதவையின் அடித்தகடு உக்கி, தண்ணீர் உள்ளே வந்து, பாதை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நல்லகாலம், கரையோடு நின்றபடியால் ஆபத்து இல்லை. கட்டிப் போட்டார்கள். போட்டவர்கள் போட்டதுதான். திருத்த ஒருவரும் வரவில்லை.

நகரத்துக்குப் போய் வவுணதீவுப் பாலம் வழியாகச் சுற்றினால் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். தோணியில் கடந்தோம். வாடைக்காற்றுக்கு அந்தத் தோணி ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அம்மாடி! தமிழ் டீச்சருக்குக் கைக்குழந்தை. அவ கண்ணை மூடிக்கொண்டு அழுதபடியேதான் கடப்பா. ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இடமாற்ற விண்ணப்பம் நாலு பேருடைய கைப்பையிலும் இருந்தது.

"கோவிக்காதீங்க கா," என்றா விஞ்ஞான டீச்சர். "இனி ஏலாது. உங்கட அவர் பார்லிமெண்டில கேக்கப் போறாராமே. அவர் கேக்கட்டும். அமைச்சர் பாதை தாறம் எண்டு சொன்னா இதக் கிழிச்சுப் போடுறம்."

"சொல்லாட்டி?"

"மறுகா எங்கள மறிக்கப்படாது."

அன்று இரவு நான் வீட்டுக்காரரை உட்கார விடவில்லை. கேள்வியை அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். எங்கள் துறையின் பாதை பழுதடைந்துள்ளது என்பதை அமைச்சர் அறிவாரா? அது எப்போது புனரமைக்கப்படும் என்பதை அறிவிப்பாரா? இன்றேல், ஏன்? வாசித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. அந்தக் கேள்வியில் நாலு டீச்சர்மாரும் ஒரு வகுப்பும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். "விளங்குது புள்ள, விளங்குது" என்றார்.

கேள்வி எடுக்கப்படும் நாளில் ஐந்து பேரும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நின்றோம். அங்கேதான் போனுக்கு சிக்னல் வரும். நேரடி ஒளிபரப்பில் அவர் எழும்பினார். வெள்ளைச் சட்டை, காதில் மொழிபெயர்ப்புக் கருவி. குசினியில் கேட்டதைவிட அழகாகக் கேட்டார். அமைச்சர் சிங்களத்தில் பதில் வாசித்தார். எங்களில் சிங்களம் தெரிந்தது விஞ்ஞான டீச்சருக்கு மட்டும்தான். அவ முதலில் தலையாட்டினா. பிறகு ஆட்டுவதை நிறுத்தினா.

"என்ன கா சொல்றார்?"

"றோட்டைப் பத்திக் கதைக்கிறார்."

"எந்த றோட்டு?"

"துறைக்குப் போற றோட்டாம். தார் ஊத்திக் காப்பெட் போடுறாங்களாம். காசும் ஒதுக்கியாச்சாம்."

எங்கள் பாதை கொழும்புக்குப் போய்ச் சிங்களமாகும்போது றோட்டாக மாறிவிட்டது. மொழிபெயர்த்தவர்களில் பிழை சொல்ல முடியாது. அவர்களுடைய ஊரில் பாதை என்றால் றோட்டுத்தானே. ஆனால் கொடுமை அதோடு முடியவில்லை. அமைச்சர் சிங்களத்தில் றோட்டு என்று சொன்னதை இன்னொருவர் தமிழுக்குக் கொண்டுவந்து, என் வீட்டுக்காரரின் காதில் "குறித்த பாதை விரைவில் முழுமையாகப் புனரமைக்கப்படும்" என்று ஓதியிருக்கிறார். திரையில் அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மேலதிக வினா உண்டா என்று சபாநாயகர் கேட்டார். இவர் நெஞ்சில் கை வைத்து, "மேலதிக வினா இல்லை. கௌரவ அமைச்சருக்கு எமது மக்களின் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயோ, எழும்புங்க! கேளுங்க!" என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன். வகுப்பிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு அழைப்பு எடுத்தேன். சபைக்குள் இருப்பவரின் போன் எப்படி அடிக்கும்? தமிழ் டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டினா.

சனிக்கிழமை அவர் வந்து இறங்கும்போது துறையடி ஆட்கள் மாலை போட்டார்கள். நான் வாசலிலேயே விசயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. "என்ர காதால கேட்டன், பாதை எண்டுதான் சொன்னார்" என்று அடம்பிடித்தார். "உங்கட காதுக்குள்ள கேட்டது மொழிபெயர்ப்பு! அந்தாள் சொன்னது றோட்டு!" என்றேன். சாப்பாட்டுக் கோப்பையை வைத்த சத்தத்தில் பூனை ஓடியது. அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அவருக்கு விளங்கியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இன்னும் திட்ட வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அமைச்சர் பொய் சொல்லவில்லை. தார் லொறி வந்தது, உருளை வந்தது, கறுப்புக் கறுப்பாகப் பளபளக்கும் காப்பெட் றோட்டு நேராகத் தண்ணீர் வரைக்கும் வந்து நின்றது. ஊரே வந்து பார்த்தது. "எம்.பி. சேர், றோட்டு நல்லாரிக்கி. இப்படியே அக்கரை மட்டும் போடச் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டார். அறுவடை வந்ததும் அதில் நெல் காயப்போட்டார்கள். என் வீட்டுக்காரர் நெல்லை மிதிக்காமல் ஓரமாக நடந்து துறைக்குப் போய், சாய்ந்து கிடந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாவம் மனிசன். நான் கொஞ்ச நாள் "இன்றேல், ஏன்?" சொல்வதையே விட்டுவிட்டேன்.

மறுபடி கேள்வி கொடுத்தால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதற்குள் கேள்வியை எழுதி எழுதிக் கிழித்தோம். பாதை என்ற சொல்லே வரக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"பாதையப் பாதை எண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்ற?"

"மிதக்கிற சாமான் எண்டு சொல்லுங்க. கப்பலெண்டு சொல்லுங்க. எனக்கென்ன?"

கடைசியில் சபையில் அவர் எழுதிக் கொடுத்ததை வாசித்து முடித்துவிட்டு, மேலதிக வினாவுக்கு எழும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தானாகவே சொன்னார்: கௌரவ அமைச்சர் அவர்களே, நீங்கள் தந்த றோட்டு நல்ல றோட்டு, ஆனால் அது தண்ணீரில் மிதக்காது. சபை முழுக்கச் சிரித்தது. அமைச்சரும் கதிரையில் சாய்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, புதுப் பாதை தருவதாகச் சொன்னார். சொன்னபடி தந்தார். அந்த மனிதரைப் பற்றி எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று குசினியில் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தேன். கலியாணம் முடித்த காலத்துக்குப் பிறகு பகலில் அப்படிச் செய்தது அன்றுதான்.

ஆனால் இடமாற்ற விண்ணப்பங்கள் எப்போதோ கல்விக் கந்தோருக்குப் போய்விட்டன. வருடக் கடைசி விடுமுறையில் நாலு பேருக்கும் கடிதம் வந்தது. நாலு பேரும் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்து அழுதார்கள். மறிக்கப்படாது என்று முதலே சொல்லியிருந்தார்கள், நான் மறிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, படலை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். எம்.பி.யின் பெண்சாதி கேட்டால் எனக்கும் நகரப் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கும். கேட்க மனம் வரவில்லை.

புதுப் பாதை ஓடத் தொடங்கியதும் பள்ளிக்கூடம் தொடங்கியதும் ஒரே காலையில். நீலப் பெயின்ற் இன்னும் மணத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் தனியே நின்றேன். பேச ஆள் இல்லாமல் சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு தரம் திறந்து மூடினேன்.

அக்கரையில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். பத்தாம் தரம் முடித்து மேலே வந்த பிள்ளைகளின் தாய்மார், குளித்து, நல்ல சேலை உடுத்து வரிசையாக நின்றார்கள். இடமாற்றக் கடிதம் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாதை இல்லாததால்தானே டீச்சர்மார் கஷ்டப்பட்டார்கள், பாதை வந்தால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டார்கள். ஒரு தாய் முன்னுக்கு வந்து எனக்கு மல்லிகை மாலை போட்டார். அவருடைய கையில் இன்னும் நாலு மாலை தொங்கியது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்த டீச்சர்மார் அடுத்த பாதையிலயா வாறாங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்துவிட்டது.

"அப்ப நீங்க போங்க டீச்சர், மணி அடிச்சிட்டு. நான் நிண்டு கூட்டிட்டு வாறன்" என்று சொல்லி, நாலு மாலையையும் வாடாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அந்தத் தாய் துறையடியில் குந்தினார்.